கடைமடை வீடுகள்: ஒரு ரவுட்டரின் கோளாறுகளும் அவற்றின் வரலாறும்

மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிற வழக்கம் எங்களுக்குண்டு. கோவை பீளமேட்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறைதான் கூடுமிடம். அந்த அறையின் மூலையில் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, டோர் என்னும் பெயர்மறை வலையமைப்பின் கணுக்களில் ஒன்றாக அதை ஆக்கிவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்செழுந்தது. ஒருவரைத் தவிர எங்களில் எவருக்கும் கணிப்பொறி தொழிலன்று. அதன்பின் சில மாதங்கள் எங்கள் கூட்டங்களில் நாவல்களைவிட ரவுட்டரே அதிகம் பேசப்பட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கோளாறுகளைப் பற்றியதே இக்கட்டுரை. எனினும் கையேடு எழுதுவது எங்கள் நோக்கமன்று. ஒவ்வொரு கோளாறையும் துருவிப் போனபோது, அதனடியில் ஓர் ஆண்டும் யாரோ எடுத்த ஒரு முடிவும் இருக்கக் கண்டோம். அம்முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வீடு எவ்வாறு இணையத்தின் கடைமடையாக ஆக்கப்பட்டது என்ற வரலாறு கிடைக்கிறது. வாய்க்காலின் கடைசி வயல் நீரை வாங்கிக்கொள்ளும், யாருக்கும் கொடுக்காது. நம் வீடுகளும் அவ்வாறே ஆகிவிட்டன.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயர் மறைந்த எழுத்து நமக்குப் புதிதன்று. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று பாட்டின் சொற்றொடரையே பெயராகத் தாங்கி நிற்கும் சங்கப் புலவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பெயரை மறைத்தது காலம். அதிகாரத்தின் கண்ணிலிருந்து பெயரை மறைக்க வேண்டிய நிலை அண்மைக்காலத்தது. 1908ல் புதுச்சேரிக்குச் சென்ற பாரதி அங்கிருந்து 'இந்தியா' இதழை நடத்தியபோது, அதை எல்லை தாண்டாமல் தடுத்தது பிரிட்டிஷ் அரசு. அவருடைய தபால்கள் உளவுத்துறையின் கண்ணுக்குத் தப்பவில்லை. 1910 மார்ச்சோடு இதழ் நின்றது. உறையைப் பிரிக்காமலேயே, யாருக்கு யார் எழுதுகிறார் என்பதை மேலுறையைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும், ஓர் இயக்கத்தின் வரைபடம் கிடைத்துவிடும். கடிதத்தின் உள்ளே இருப்பதைக் காப்பது ஒரு வேலை. மேலுறையைக் காப்பது அதனினும் கடினமான வேலை.

இந்த மேலுறைச் சிக்கலுக்குக் கணிப்பொறி வழியாக ஒரு விடை சொன்னவர் டேவிட் சாம். 1981ல் வெளியான தம் கட்டுரையில், கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய உறைகளில் இட்டு, இடையிலுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டும் பிரித்து, பிற கடிதங்களோடு கலந்து அடுத்த நிலையத்துக்கு அனுப்பும் முறையை விவரித்தார். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கோல்ட்ஷ்லாக், ரீட், சைவர்சன் ஆகிய மூவர் இதை இணையத்தின் வேகத்துக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தனர். உரிக்க உரிக்கத் தோல் வருவதால் அதற்கு வெங்காயத்தின் பெயர் வந்தது. 2002 அக்டோபரில் ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோரின் உழைப்பில் டோர் பொதுவெளிக்கு வந்தது. 2003ன் முடிவில் அதற்கிருந்த கணுக்கள் ஒரு டசன் அளவே. இன்று அவை ஆயிரக்கணக்கில் உள்ளன.

கடற்படை தன் கருவியை ஏன் ஊருக்குக் கொடுத்தது? விடை எளியது. கடற்படையினர் மட்டும் உலவும் வலையமைப்பு என்றால், அதிலிருந்து வெளிவருபவர் யாராயினும் அவர் கடற்படைக்காரர் என்பது தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும். கூட்டம் பலதரப்பட்டதாக இருக்க வேண்டும். அந்நியர்கள் தத்தம் இடத்தில் ஒரு கணுவை வைத்தால்தான் இந்தப் பெயர்மறைப்பு நடக்கும்.

கொங்கு நாட்டவருக்கு இதை விளக்க நொய்யலே போதும். வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறக்கும் அந்த ஆற்றின் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று கோவையின் குளங்கள் ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு வழங்கும் சங்கிலி இது. ஒவ்வொரு குளத்துக்கும் தெரிவது தனக்கு நீர் வரும் வாய்க்காலும், தான் நீர் விடும் கலிங்கும் மட்டுமே. வாலாங்குளத்து நீரை உள்ளங்கையில் அள்ளி, எந்தச் சரிவில் பெய்த மழை இது என்று கேட்டால் விடையில்லை. டோரிலும் ஒரு செய்தி பொதுவாக மூன்று கணுக்களைக் கடக்கிறது. முதற்கணுவுக்கு அனுப்பியவரைத் தெரியும்; போய்ச் சேருமிடம் தெரியாது. கடைக்கணுவுக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுக்கணுவுக்கு இரண்டும் தெரியாது. நாங்கள் வைக்க விரும்பியது அந்த நடுக்கணுவை.

ஆங்கிலத்தில் ரிலே என்பதற்கு நம் வானொலியில் அஞ்சல் என்ற சொல் வழங்கியது. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை மற்றொன்று வாங்கி அனுப்புவதை அஞ்சல் செய்தல் என்பர். ஆகவே எங்களுடையதை அஞ்சல்கணு என்றே அழைத்துக்கொண்டோம்.

*

முதற்கோளாறு முதல் நாளே வந்தது. மென்பொருள் ஓடியது, வெளியுலகோடு பேசியது. ஆனால் தன்னை வெளியிலிருந்து எவராலும் அடைய முடியவில்லை என்று அரைமணிக்குள் அதுவே புகார் எழுதிற்று. கணு என்பது வாயிலில் நின்று வருபவரை வரவேற்க வேண்டியது. எங்கள் வாயிலோ வெளியே போக மட்டும் திறந்தது.

இதன் வேர் 1981ல் இருக்கிறது. அவ்வாண்டு வகுக்கப்பட்ட இணைய முகவரி முறையில் மொத்தம் 430 கோடியளவே முகவரிகள். உலகம் முழுவதற்கும் அது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது. 1994 மே மாதத்தில் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு தீர்வை எழுதி வெளியிட்டனர். ஒரு வளாகத்துக்குள் எத்தனை கணிப்பொறி இருந்தாலும் வெளியே ஒரு சில முகவரிகளே தெரியட்டும். இடையிலுள்ள பெட்டி முகவரிகளை மாற்றி எழுதிக்கொள்ளட்டும் என்பது அது. குறுகிய காலத் தீர்வு என்றே அதை அவர்கள் குறித்தனர். வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளும் 1994லேயே ஒதுக்கப்பட்டன. நம் வீட்டு ரவுட்டர்களில் 192.168 என்று தொடங்கும் எண் அவற்றில் ஒன்று. தற்காலிகப் பந்தலின் கீழ் முப்பதாண்டுகளாகக் குடித்தனம் நடக்கிறது.

பெட்டி முகவரி மாற்றும்போது, உள்ளிருந்து யார் யாரைக் கூப்பிட்டார் என்பதைக் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் உரியவரிடம் சேர்க்கிறது. ஆனால் கூப்பிடாமல் வெளியிலிருந்து வருபவரை யாரிடம் அனுப்புவது? அதற்குத் தெரியாது, கதவைச் சாத்திவிடும். எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இன்ன வாயில் எண்ணுக்கு வருபவரை இன்ன கணிப்பொறிக்கு அனுப்பு என்று நாமே எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணிப்பொறிக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்றையும் ஒதுக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் போய் வந்ததும் அதன் முகவரி கைப்பேசிக்குப் போய், கணுவைத் தேடி வருபவர் கைப்பேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் செய்தும் கதவு திறக்கவில்லை. ரவுட்டர் தன் வெளிமுகவரி என்று காட்டிய எண்ணையும், வெளித்தளங்கள் எங்கள் முகவரி என்று காட்டிய எண்ணையும் ஒப்பிட்டோம். இரண்டும் வேறு. ரவுட்டர் காட்டியது 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012 ஏப்ரலில் ஒரு தனிப் பயனுக்கு ஒதுக்கப்பட்டவை. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கிடங்கிலிருந்த முகவரித் தொகுதிகள் தீர்ந்தன. ஏப்ரல் 15 முதல் ஆசியப் பகுதிக்கும் பங்கீட்டு முறை வந்தது. அதற்குப்பின் ஒரு பொதுமுகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்க, நிறுவனங்கள் தம் நிலையத்திலேயே இன்னொரு மாற்றுப்பெட்டியை வைத்தன. அதற்கென்று ஒதுக்கியவையே இந்த 100.64 எண்கள். ஆகவே பூட்டு இரண்டு. ஒன்று எங்கள் வீட்டில். மற்றொன்றின் சாவி எங்களிடமில்லை.

இந்தியா தாமதமாக வந்த விருந்தாளி. இங்கே பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல். கோடிக்கணக்கான வீடுகள் இணைந்தபோது பந்தியில் இலை தீர்ந்திருந்தது. முன்னே வந்த நாடுகளின் பல வீடுகளுக்கு இன்றும் சொந்த முகவரி உண்டு. 1995ன் இறுதியிலேயே வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு முகவரிகள் நம் நாட்டில் பரவலாக வந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் இதை எழுதும் நாள் வரை, பழைய முகவரியும் இருந்தாலொழிய டோர் ஒரு கணுவை ஏற்பதில்லை. தன்னார்வக் கணுக்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குவிந்து கிடப்பதற்குப் பல காரணங்களுண்டு. எங்கள் மாடியறையில் நாங்கள் கண்டது அவற்றுள் ஒன்று.

இணைப்பு நிறுவனத்தை அழைத்தோம். எதற்கு முகவரி என்று நான்கு பேர் கேட்டனர். கண்காணிப்புக் காமிராவா என்று அவர்களே விடையும் தந்தனர். இறுதியில் மாதக் கட்டணத்துக்குமேல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாறாத பொதுமுகவரி ஒன்றைத் தந்தார்கள். அப்போதும் திறக்கவில்லை. நிறுவனம் வைத்த மோடம் ஒன்று, நண்பர் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டுமே முகவரி மாற்றிக்கொண்டிருந்தன. மோடத்தை வெறும் பாலமாக மாற்றியதும் அந்தப் பூட்டும் கழன்றது. கடைசியாக எங்களை ஏய்த்தது எங்கள் சோதனைதான். பல ரவுட்டர்கள், உள்ளிருந்து புறப்பட்டுத் தன் வெளிமுகவரிக்கே திரும்பி வரும் அழைப்பை ஏற்பதில்லை. வீட்டுக்குள்ளிருந்து சோதித்துவிட்டு அடைத்திருக்கிறது என்று இரண்டு நாட்கள் புலம்பினோம். கைப்பேசியின் சொந்த இணைப்பில் சோதித்தபோதுதான் அது திறந்திருப்பது தெரிந்தது.

*

இரண்டாவது கோளாறு மூன்றாம் வாரத்தில் வந்தது. ரவுட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் வீட்டில் எவருடைய கைப்பேசியிலும் ஒன்றும் திறக்கவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகும். இரண்டு நாளில் மீண்டும் அதே நிலை.

முன்சொன்ன குறிப்பேடுதான் காரணம். ஒவ்வோர் இணைப்புக்கும் ரவுட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதுகிறது. ஒரு குடும்பத்துக்குச் சில நூறு வரிகள் போதும். ஆனால் ஒரு நடுக்கணு ஒரே வேளையில் குறைந்தது 7,000 இணைப்புகளைத் தாங்க வேண்டும் என்பது டோர் திட்டத்தாரின் எதிர்பார்ப்பு; வீட்டு ரவுட்டர்கள் இதில் திணறலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். போதாக்குறைக்கு, பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடும் லினக்ஸ் உட்கருவின் இயல்பான அமைப்பில், ஓசையின்றிப் போன ஓர் இணைப்பின் வரியை ஐந்து நாட்கள் வரை அழிக்காமல் வைத்திருப்பது வழக்கம். செத்தவர் பெயர்களால் குறிப்பேடு நிறைந்துவிட, உயிரோடிருப்பவருக்கு இடமில்லை. புதிய இணைப்பு எதையும் பெட்டி ஏற்பதில்லை.

குறிப்பேட்டைப் பெரிதாக்கி, காத்திருக்கும் காலத்தைச் சில மணிநேரமாகக் குறைத்தால் தீரும். ஆனால் விலைக்கு வரும் ரவுட்டரில் அந்தப் பக்கமே நமக்குக் காட்டப்படுவதில்லை. இங்குதான் மற்றொரு வரலாறு கைகொடுத்தது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு ரவுட்டருக்குள் இருப்பது லினக்ஸ் என்பதைத் தன்னார்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் உரிம விதிப்படி மூலநிரலை வெளியிட்டாக வேண்டும் என்று வாதாடினர். 2003ல் நிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004ல் பிறந்தது ஓப்பன்வார்ட் என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள். அதை எங்கள் பெட்டியில் ஏற்றியபின் குறிப்பேடு எங்கள் கைக்கு வந்தது.

வாங்கிய பொருளைக் கழற்றிப் பார்ப்பது கொங்கு நாட்டில் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டதில்லை. ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. வெளியூர்ப் பம்புகளைப் பிரித்துப் பார்த்தே பம்புத் தொழிலைக் கற்றுக்கொண்ட பட்டறைகள் நிறைந்த ஊர். பிரித்துப் பார்க்க முடியாத பெட்டி நமக்குச் சொந்தமான பெட்டியன்று என்று அந்தப் பட்டறைக்காரர்களிடம் சொன்னால் வியக்க மாட்டார்கள்.

*

மூன்றாவது, வேகம். கணு எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவையும் வழங்க வேண்டும். நம் இணைப்புகளோ வாங்க அகலமாகவும் வழங்கக் குறுகலாகவும் வடிவமைக்கப்பட்டு வளர்ந்தவை. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர், தொலைபேசிச் செம்புக்கம்பியில் இரு திசைக்கும் சம வேகம் வேண்டாம் என்று வாதிட்டார். கம்பிகளுக்கிடையே எழும் குறுக்கொலி குறையும், வீட்டுக்குத் திரைப்படம் அனுப்பலாம் என்பவை அவர் கண்ட பயன்கள். பொறியியல் நோக்கில் அது சரியான கணக்கு. ஆனால் அதற்குள் வீட்டைப் பற்றிய ஒரு கருத்தும் இருந்தது: வீடு பார்க்கும், பேசாது. அக்கருத்து நம் நாட்டின் ஆவணத்திலும் ஏறியது. 2004ல் வந்த அகலப்பாட்டைக் கொள்கை, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் தரவிறக்க வேகம் என்று அகலப்பாட்டையை வரையறுத்தது. தரவேற்றத்துக்கு வரையறையே இல்லை. கொடுக்கும் திசையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

கணுவின் போக்குவரத்து மேல்நோக்கிய பாதையை நிறைத்ததும், நண்பரின் தங்கை வெளிநாட்டிலுள்ள கணவருடன் பேசும் காணொளி உறைந்து நின்றது. ரவுட்டரும் மோடமும் தம் வரிசையில் மிகுதியான பொட்டலங்களை நிற்க வைத்துக்கொள்வதே காரணம். ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு 2010ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய பின்னரே இதற்குப் பெயரும், அதன்பின் மருந்தும் வந்தன. நாங்கள் கண்ட எளிய வழி, கணுவுக்குத் தரும் வேகத்தை மேல்நோக்கிய வேகத்தின் பாதியில் நிறுத்திவிட்டது.

சில நேரங்களில் கோளாறே இல்லாததையும் கோளாறென்று எண்ணினோம். ஏறிக்கொண்டிருந்த போக்குவரத்து ஒருநாள் சரிந்தபோது மீண்டும் ரவுட்டரைக் கழற்றினோம். அது கணுவின் இயல்பான பருவம். முதல் சில நாட்கள் வலையமைப்பு புதிய கணுவை அளந்து பார்க்கிறது, பிறகு பயன்படுத்துகிறது, நீடித்து நிற்பதைக் கண்டால் முதற்கணுவாகும் தகுதி தருகிறது. அப்போது, அதைத் தேர்ந்துகொள்வோர் சேரும்வரை போக்குவரத்து சரியும். நிலைத்து நிற்பதற்கு இங்கே மதிப்பு. 2012ல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டில் கிடந்த கோவையில் இதை முயன்றிருந்தால், அந்தத் தகுதி எங்களுக்குக் கிட்டியிராது.

*

நான்காவது கோளாறு பெட்டியில் இல்லை. டோர் கணுக்களின் பட்டியல் பொதுவில் கிடைப்பது. வெளித்தளத்தைத் தொடுவது கடைக்கணு மட்டுமே என்றாலும், சில தளங்கள் பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளையும் சேர்த்தே தடுக்கின்றன. ஒரு நாள் நண்பரின் தாயாரால் மின்கட்டணம் செலுத்த முடியவில்லை. மாடிக்கு வந்தார். அதுவரை அவர் எங்களுக்குக் காப்பி மட்டுமே கொண்டுவந்திருக்கிறார்.

"ஏஞ்சாமி, ஊரார் பேச்செல்லாம் நம்மூட்டு வழியாப் போகுதுங்கறீங்க. அது நல்ல பேச்சா கெட்ட பேச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றோம். தெரியாமலிருக்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது என்றோம். அவர் முகத்தில் நிறைவு இல்லை. எங்களுக்கும் அந்த விடை போதவில்லை. இந்த வழியில் செய்தியாளர்களும் போகிறார்கள், குற்றம் செய்வோரும் போகிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தபால்காரரும் உறையைப் பிரிப்பதில்லை என்பது ஒரு பதில். ஆனால் தபால்காரருக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் அந்தத் தாயாரின் பெயரிலிருந்த இணைப்பு மட்டுமே நின்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் காத்துவைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாட்டில்தான் நாம் வாழ்கிறோம். அதில் ஒரு வீட்டை நிறுத்துவதற்கு முன், வீட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் செய்த பிழைகளில் எந்த அமைப்புப் பக்கத்திலும் திருத்த முடியாத பிழை அதுவே.

எனவே கேட்டோம். 2021ன் இறுதியில் ரஷ்யாவில் டோர் தடுக்கப்பட்டதையும், 2022ல் மாஸா அமினியின் மரணத்துக்குப் பின் ஈரானில் கிளர்ச்சி எழுந்தபோது இணையம் இறுக்கப்பட்டதையும் சொன்னோம். அத்தகைய இடங்களில் பொதுப்பட்டியலிலுள்ள கணுக்கள் முதலில் தடுக்கப்படுவதால், பட்டியலில் இல்லாத நுழைவாயில்கள் தேவைப்படுகின்றன. அவற்றைப் பாலங்கள் என்பர். எங்கள் கணுவைப் பாலமாக மாற்றலாமா என்று கேட்டோம். பாலத்துக்கு இணைப்புகள் குறைவு, ரவுட்டர் திணறாது. பட்டியலில் பெயரில்லை, புது முகவரி வாங்கிக்கொண்டால் மின்கட்டணமும் தடைபடாது. அவர் சற்று யோசித்து, "அந்தப் புள்ளைங்களுக்குன்னா வெச்சுக்குங்க" என்றார்.

அவர் சம்மதம் ஒரு தரப்புக்கானது. பாலத்தைக் கடப்பவர் யாரென்று இப்போதும் எங்களுக்குத் தெரியாது. அவரிடம் அதையும் சொன்னோம். தலையசைத்தார்.

எங்களில் பொதுமுகவரி இல்லாத மற்றவர்கள், உலாவியிலேயே ஓடும் ஸ்னோஃப்ளேக் என்ற சிறு துணைநிரலை நிறுவிக்கொண்டோம். ரவுட்டரில் எதையும் திறக்காமலேயே, இரட்டைப் பூட்டுக்குப் பின்னிருந்தபடியே, ஒருவர் இருவருக்கு வழிவிட அது இடந்தருகிறது. முழுக்கணுவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. கடைமடை வயலிலிருந்து ஒரு சொம்பு நீரை முகந்து அடுத்த வரப்புக்கு ஊற்றுவது போன்றது.

மாடியறையில் அந்தப் பழைய கணிப்பொறி இப்போதும் ஓடுகிறது. சென்ற கூட்டத்தில் நாவலைப் பற்றிப் பேசினோம். பேச்சினிடையே ஒருவர், அஞ்சல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அஞ்சாதே என்றும் பொருளுண்டு என நினைவூட்டினார். ரவுட்டரின் விளக்குகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடர்ந்தோம்.